இரண்டாவது கோட்டுத் தீ

ஜூலை 3

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. உன் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. நீ வரவில்லை. ஒரு தந்தி வந்தது, அதில் நாலு சொல் இருந்தது. அதைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. இது உறவுக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம். நீ செய்து கொடுத்த பர்னரைப் பற்றி ஒரு கேள்வி. செய்தவனிடம்தான் கேட்க முடியும்.

அவர் உலையில் இப்போது நான்தான் நிற்கிறேன். பன்னிரண்டு வருஷம் அவருக்கு எதிரே மெஷின் சுத்தியலை ஓட்டியவள், இரும்பு எப்போது வெந்தது என்று எனக்குத் தெரியாதா? முதலாளி முதலில் சிரித்தார். உளி ஆர்டர் தலைக்கு மேல் ஏறியதும் சரி என்றார். அவருக்குக் கொடுத்த கூலி எனக்கு இல்லை. உலை மட்டும் அதே உலை, பர்னரும் அதே பர்னர். நீ முதன்முதலில் செய்து, '1' என்று எண் தட்டி, அண்ணனுக்குத்தான் முதல் பர்னர் என்று தூக்கிக்கொண்டு வந்தாயே, அதேதான்.

மூன்று வாரமாக அதன் ஓசை மாறுகிறது. காலை ஏழுக்குப் பற்றவைக்கிறோம். முதலில் வழக்கம்போல ஒரே சீராக இரைகிறது. பதினொரு மணிவாக்கில் இரைச்சல் விட்டு விட்டு வருகிறது. வாயைத் திறந்து தூங்குகிற மனிதனின் மூச்சு மாதிரி.

அது மட்டுமென்றால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். அந்த மூச்சு கேட்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. இடது கையில் இடுக்கி. இந்தப் பட்டறையில் இடக்கைக்காரர் ஒருவர்தான் இருந்தார்.

நான் பயப்படவில்லை. பர்னரில் அப்படி ஓசை வர வழி உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அண்ணி

*

ஜூலை 8

அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு நாள் மேசையில் வைத்திருந்தேன். திட்டுதான் இருக்கும் என்று நினைத்தேன். கேள்வி இருந்தது. திட்டே பரவாயில்லை போலிருக்கிறது.

ஓசைக்குக் காரணம் உண்டு. நான் செய்த பர்னர் சாதாரணக் குழாய் இல்லை. ஊசித் துளை வழியாகக் கேஸ் பாயும்போது, அதுவே பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஊதுவதற்கு மோட்டார் வேண்டாம். இரண்டும் நீளக் குழாயில் கலந்து, பத்தொன்பது துளை உள்ள கல்லின் வழியாக உலைக்குள் போய் எரியும். பழைய பர்னர் மூன்று சிலிண்டர் குடித்த வேலையை இது இரண்டில் முடிக்கும். ஆனால் கேஸின் அழுத்தத்தை ரொம்பக் குறைத்தால் தீக்கு வெளியே நிற்கப் பலம் இருக்காது. துளைக்குள் பின்வாங்கும், மறுபடி வெளியே வரும். அந்த வரத்தும் போக்கும்தான் நீங்கள் கேட்கும் மூச்சு. ஆள் இல்லை அண்ணி, அழுத்தம்தான்.

தொட்டிப் பக்கம் நிற்பவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்குச் சட்டை மாட்டும் கொக்கி கூட மாமனார் மாதிரி தெரியும். ஒரு வாரம் லீவு போடுங்கள். கொடுப்பார்களா என்று கேட்காதீர்கள், எனக்கும் கொடுக்கவில்லை. அண்ணன் தவறிய வாரம் பெரிய ஆர்டருக்குச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் வரமுடியவில்லை. இதை எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன்.

உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. எண் 1-க்குப் பிறகு இதுவரை இருநூற்றுப் பதினாலு பர்னர் விற்றிருக்கிறோம். அண்ணன் இருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். கேஸ் அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது? காற்று வளையம் எந்தக் கோட்டில் இருக்கிறது? உலை வாயில் வரும் தீ என்ன நிறம்? நான் வளையத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறேன். முதல் கோடு முழுக்கக் காற்று, நாள் முழுக்க அதில்தான் ஓட வேண்டும். இரண்டாவது கோடு பாதிக் காற்று. இரும்போடு இரும்பை ஒட்டுப் போடும்போது மட்டும் இரண்டு நிமிஷம். மூன்றாவது பற்றவைக்க.

அண்ணனைக் கண்டெடுத்தது எப்படி என்று யாரும் எனக்கு எழுதவில்லை. முகம் எப்படி இருந்தது? இதற்கும் பர்னருக்கும் சம்பந்தமில்லை. சும்மா கேட்டேன்.

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

பார்த்துவிட்டேன். முள் நீ சிவப்பு மை வைத்த இடத்துக்கு ரொம்பக் கீழே நிற்கிறது. வளையம் இரண்டாவது கோட்டில். தீ மஞ்சள், உலைக்கு வெளியே ஒரு முழம் நாக்கை நீட்டுகிறது.

வளையத்தை இரண்டாவது கோட்டுக்குத் திருப்பியது உன் அண்ணன்தான், போன வருஷம். முதல் கோட்டில் ஓட்டினால் இரும்பின் மேல் செதில் செதிலாகக் கருகி உதிர்கிறது, ஒவ்வொரு உளியையும் சாணை பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கோட்டுத் தீயில் இரும்பு சுத்தமாக, வெண்ணெய் தடவியது மாதிரி வெளியே வருகிறது. 'என் தம்பி இதை ரெண்டு நிமிஷத்துக்குன்னு போட்டிருக்கான், மடையன், இதுதான்டா நல்ல தீ' என்று எல்லாருக்கும் காட்டினார். அன்றிலிருந்து நாள் முழுக்க அதே கோடுதான். நாங்கள் உளியைப் பார்த்துத்தான் தீயை எடை போடுவோம். வேறு எதைப் பார்ப்பது?

அழுத்தத்தைக் குறைத்தவர் முதலாளி. மூன்று சிலிண்டர் இரண்டானது போதவில்லை, ஒன்றரை ஆக வேண்டும் அவருக்கு. குறைத்ததும் தீ காற்றுக்கு ஆடியது. அதனால் ஜன்னல் நாலுக்கும் போன வருஷமே தகடு அடித்தார். கதவு மட்டும்தான் பாக்கி. போன மாதம் அழுத்தத்தை இன்னும் குறைத்து, கதவுக்கும் ரப்பர் திரை தொங்கவிட்டார். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும் அல்லவா, வரவில்லை. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தூக்கம் என்கிறாயே. மெஷின் சுத்தியலில் இப்போது நெட்டை நிற்கிறான். நல்ல பிள்ளை, வாய்தான் நீளம். அவனுக்கும் கேட்கிறது. உன் அண்ணன் வேலை நிறுத்தும்போது, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் மூக்கில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவாரே, அது. பட்டடைக்குப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்கிறது. நெட்டை என்னிடம் வந்து, 'அக்கா, அண்ணனுக்கு இன்னும் ரிலீவ் வரலையா'ன்னான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தான். சாணைக்காரர் பின்னங்கழுத்தில் யாரோ கை வைப்பதாகச் சொல்லி மூன்று நாளாக வரவில்லை. முதலாளிக்கு விஷயம் போனதும், 'பொம்பளைய உலையில விட்டா பேய்தான் தெரியும்' என்றார். ஏழு ஆம்பளைகளுக்கும் தெரிகிறதே என்றேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கி, தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். உலை அணைந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் இருந்தேன். யாரும் வரவில்லை. தீ இல்லாவிட்டால் அவர் வருவதில்லை.

தலைவலி எல்லாருக்கும் இருக்கிறது. மத்தியானம் வெளியே மரத்தடியில் சாப்பிட்டால் தணிகிறது. ஆனால் என் முகத்தில் சிவப்பு ஏறியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரியாகச் சொன்னாள். புருஷன் போனவளுக்கு என்ன மினுமினுப்பு என்று அவள் கேட்கவில்லை, கண் கேட்டது.

அவர் முகத்தையும் கேட்டாய். அன்றைக்கு நல்ல மழை. அவசர ஆர்டர் என்று ஆறு மணிக்கே தனியாகப் போய், சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். மழை விட்டு நான் ஒன்பது மணிக்குத்தான் போனேன், அதுவரை வேறு யாரும் வந்திருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுக்கி மடியில் இருந்தது. முகம் சிவந்து, கன்னமெல்லாம் ரோஜா நிறமாக, தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது. அவ்வளவு ஆரோக்கியமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. டாக்டர் தலையைத் தூக்காமல் இதயம் என்று எழுதினார்.

ஏன் கேட்டாய்?

அண்ணி

*

ஜூலை 18

அண்ணி,

இதைப் படித்த உடனே கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உலையை அணையுங்கள். தகடுகளைப் பிடுங்குங்கள். திரையை அறுத்துப் போடுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

இன்று காலை பட்டறைக்குப் போன் செய்தேன். முதலாளி எடுத்தார். வேலை நேரத்தில் குடும்பக் கதைக்கு ஆளைக் கூப்பிட முடியாது என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. ஜன்னலைத் திறக்கவும், காரணம் கடிதத்தில் என்று தந்தி அடித்திருக்கிறேன்.

காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. கேஸ் கசிந்தால் வருகிற நாற்றம் இதற்கு இல்லை. ரத்தத்தில் மூச்சுக்காற்று உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. தலை வலிக்கும். வாந்தி வரும். முகம் சிவக்கும். இல்லாதது தெரியும், கேட்கும். பிறகு தூக்கம் வரும். இரும்புக்கு நல்ல தீ மனிதனுக்கு நல்ல தீ இல்லை. இரண்டாவது கோட்டுக்கு இரண்டு நிமிஷம் என்று நான் வைத்தது அதனால்தான்.

இனி சொல்வதைக் கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பர்னரோடு கொடுக்கும் காகிதத்தை எழுதியவன் நான். அதில் கடைசி வரியாக, 'இது ஓடும் அறையில் மேலும் கீழும் ஒரு சாண் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது கோட்டில் தொடர்ந்து ஓட்டினால் உயிருக்கு ஆபத்து' என்று எழுதியிருந்தேன். விற்பனை மேலாளர் படித்துவிட்டு, 'உயிருக்கு ஆபத்துன்னு போட்டா எவன் வாங்குவான்? வாங்குறவன் முதலாளி. நிக்கிறவனா காகிதம் படிக்கப் போறான்?' என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அண்ணன் பட்டறையில் நாலு ஜன்னல் இருக்கிறதே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் பட்டறையில் எத்தனை ஜன்னல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சேதி வந்த அன்று, உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று சொன்னார்கள். எனக்கு அப்போதே அடித்த அந்த வரி நினைவுக்கு வந்தது. நான் வராததற்கு லீவு காரணம் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் வரவில்லை. தெரியாமல் இருப்பதற்காக எட்டு மாதம் ஒளிந்துகொண்டேன். அந்த எட்டு மாதமும் நீங்கள் அதே தீக்கு முன்னால் நின்றிருக்கிறீர்கள்.

அடித்த காகிதத்தின் மூலம் இங்கே அலமாரியில் இருக்கிறது. அதை எடுக்காமல் கிளம்பினால் திரும்பி வரும்போது இருக்காது. எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

வராதே.

உன் தந்தியை முதலாளி இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். 'ஜன்னலைத் திறன்னு தந்தி அடிக்கிறானே, உங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தானா' என்று கொடுத்தார். கடிதம் மறுநாள் வந்தது. அதை உலை முன்னால் நின்றே ஏழு பேருக்கும் உரக்கப் படித்தேன். உன்னைப் பற்றிய பகுதியையும் விடாமல் படித்தேன். நெட்டை போய்க் கடப்பாரையை எடுத்துவந்தான். நாலு தகடும் பத்து நிமிஷத்தில் கீழே கிடந்தன, திரையைச் சுருட்டி மேலே கட்டினோம். முதலாளி வந்து கத்தினார். சாணைக்காரர், ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷன், 'நீங்க இங்க ஒரு நாள் முழுக்க எங்களோட உக்காருங்க ஐயா, தகட்டை நாங்களே அடிச்சித் தர்றோம்' என்றார். முதலாளி உட்காரவில்லை.

அன்றே தலைவலி போனது. பட்டடைத் தட்டும் போனது. தொட்டிப் பக்கம் நிற்பவரும் போனார்.

இனி எழுதப் போவதை உன்னிடம் மறைக்கலாம். ஆனால் நம் வீட்டில் மறைத்தது போதும்.

எட்டு மாதமாக எனக்கு அவர் இல்லை. நடுவில் ஐந்து வாரம் இருந்தார். உன் கடிதம் வந்து மறுபடி இல்லை. எல்லாரும் மூச்சு வாங்கிப் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வலித்ததா என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி சாவி வாங்கினேன். தகடுகளை எடுத்து ஜன்னல்களில் சாய்த்து வைத்தேன். கதவைச் சாத்தித் திரையை இறக்கினேன். மூன்றாவது கோட்டில் பற்றவைத்து, வளையத்தை இரண்டாவது கோட்டுக்குக் கொண்டுவந்தேன். முக்காலியில் உட்கார்ந்தேன். நான் பைத்தியக்காரி இல்லை. என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவர் உட்கார்ந்த இடம் அதுதான் என்பதும் தெரியும்.

மூச்சு தொடங்கியது. நெற்றி இறுகியது. அவர் வந்தார். வழக்கம்போல முதுகுதான். வலித்ததா என்று கேட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அப்போது முதல்முறையாக அந்த இடத்தை விட்டு நகர்ந்தார். தொட்டியைச் சுற்றி உலைக்கு வந்து பர்னர் மேல் குனிந்தார். இடது கையை நீட்டினார். அது வரைதான் நினைவு இருக்கிறது.

கண் விழித்தபோது வெளியே சரளைக்கல்லில் கிடந்தேன். நெட்டை என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தவன் அவன். அவன் என்னை இழுக்கவில்லை. அவன் வரும்போதே நான் வெளியே கிடந்தேனாம். கதவு திறந்து, மூடாமல் இருக்க முக்காலி முட்டுக் கொடுத்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் உலை எரிந்துகொண்டிருக்கிறது, தீ நீலம். வளையம் முதல் கோட்டில் இருந்தது.

'நீங்களேதான் திருப்பிட்டுத் தவழ்ந்து வந்திருப்பீங்க அக்கா, மயக்கத்துல தெரிஞ்சிருக்காது' என்றான். இருக்கலாம். என் மூன்று விரல் நுனியில் வளையத்தின் பல் பதிந்து தீய்ந்திருக்கிறது. ஆக, திருப்பியது என் கைதான். இடது கை. நான் வலக்கைக்காரி. இடது கையால் எனக்கு ஒரு கரண்டி கூடப் பிடிக்க வராது. இதை நெட்டையிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

இனி மூட மாட்டேன். பயந்து இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது கோட்டை அரத்தால் ராவி எடுத்துவிட்டேன். உளியில் செதில் விழுகிறது. விழட்டும், தேய்த்துக்கொள்கிறோம்.

நீ அழுது எழுதியது எனக்கு வேண்டாம். நீ அடிக்கவிட்ட அந்த ஒரு வரி வேண்டும். எனக்கு இல்லை, இருநூற்றுப் பதினாலு பட்டறைக்கும். உன் கையெழுத்தோடு. அங்கேயெல்லாம் தொட்டிப் பக்கம் யார் யார் நிற்கிறார்களோ, யார் முக்காலியில் உட்காரப் போகிறார்களோ. அதை முடித்துவிட்டு வா. அதுவரை இந்த வாசல் உனக்கு இல்லை.

அண்ணி

*

செப்டம்பர் 6

அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். முதலில் முறைப்படி மேலாளரிடம் போனேன். மூலத்தைக் காட்டினேன். 'இது உன் கையெழுத்துதானே' என்று மட்டும் கேட்டார். மறுநாள் என் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். நான் அதற்கு முன்பே சோதனைக் கூடத்துப் பழைய நோட்டிலிருந்து முகவரிகளை எழுதி எடுத்துவிட்டேன். நூற்று எழுபத்து நாலு. ஒவ்வொன்றுக்கும் கையாலேயே எழுதினேன். அச்சடித்தால் விளம்பரம் என்று கிழித்துப் போடுவார்கள். மேலே, 'முதலாளிக்கு இல்லை, உலையில் நிற்பவருக்கு' என்று போட்டேன். அடித்த வரியை எழுதினேன். கீழே அண்ணன் எப்படிப் போனார் என்பதையும் எழுதினேன்.

முப்பத்தொரு பதில் வந்திருக்கிறது. பாதி திட்டு. ஒருவர் என் மேல் வழக்குப் போடப் போகிறார், போடட்டும். பதினோரு பேர் தலைவலி என்கிறார்கள். இரண்டு பட்டறையில் ஆள் போயிருக்கிறார்கள். இரண்டிலும் இதயம் என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு கடிதத்தையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு கடிதத்தை மட்டும் உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். இங்கிருந்து இரண்டு நாள் பயணத்தில் உள்ள ஊர். கதவுக் கீல் அடிக்கும் பட்டறை. எழுதியவர் உலைக்காரர்.

'உங்கள் கடிதம் கிடைத்தது. ஆனால் எங்களுக்கு முன்பே தெரியும். ஆறு வாரமாக நாங்கள் வளையத்தை இரண்டில் வைத்தால் சற்று நேரத்தில் அது ஒன்றில் இருக்கிறது. சாத்திய கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. எங்களுக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு அடிதடி வரை போனது. பிறகு நானே ஒரு நாள் பார்த்தேன். எங்கள் பட்டறை ஆள் இல்லை. முகம் தெரியவில்லை. திரும்பி நின்றுகொண்டு பீச்சாங்கையால் திருப்பினார். கம்பெனி ஆள் யாரையாவது அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் அவரிடம் நன்றி சொல்லவும்.'

நான் எழுதிய கடிதத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். அண்ணன் இடக்கைக்காரர் என்று அதில் எங்கும் எழுதவில்லை. இல்லாதது தெரியும் என்று உங்களுக்கு விளக்கம் சொன்னவன் நான். இதற்கும் அதே விளக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

பாக்கி நாற்பது பர்னர் ஏஜெண்டுகள் மூலம் போனவை. முகவரி தர முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எந்தெந்த ஊர் என்பது மட்டும் தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. நாளை பஸ் ஏறுகிறேன். இரும்பு அடிக்கும் தெருக்களில் நடந்தால் போதும். பத்தொன்பது துளையில் எரியும் தீயின் இரைச்சலை நூறு சத்தத்துக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். மூச்சு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். முடித்துவிட்டு உங்கள் வாசலுக்கு வருகிறேன்.

வழியில் எந்தப் பட்டறையிலாவது கதவு ஏற்கெனவே ஒரு சாண் திறந்திருந்தால், எனக்கு முன்னால் வந்து போனது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

தம்பி